பாடல் கோப்புகளை ஒலி கெடாமல் வடிவம் மாற்றுவது எப்படி?

ஐந்து நிமிடப் பாடல் ஒன்று சிடியில் ஏறத்தாழ 53 எம்பி (மெகாபைட்) இடம் பிடிக்கிறது. அதே பாடல் எம்பி3 கோப்பாகக் கைப்பேசிக்கு வரும்போது 5 எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. மீதி 48 எம்பி எங்கே போயிற்று? இதற்கு விடை தெரிந்தவர் பாடல் கோப்புகளை மாற்றும்போது பெரிய தவறு எதுவும் செய்யமாட்டார். தெரியாதவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த இசையை ஒரே மாலையில் மீட்க முடியாதபடி கெடுத்துவிடலாம். ஆகவே எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

சிடியில் ஒலி எண்களாகப் பதிவாகிறது. ஒவ்வொரு விநாடியும் ஒலி அலை 44,100 முறை அளக்கப்படுகிறது. இதற்கு மாதிரி வீதம் என்று பெயர். ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாக, அதாவது 0, 1 என்ற இலக்கங்கள் பதினாறு கொண்ட எண்ணாக எழுதப்படுகிறது. இடம், வலம் என்று இரண்டு தடங்கள். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட், அதாவது 1,411 கிலோபிட். இதை 300 விநாடியால் பெருக்கி, பைட்டாக்க எட்டால் வகுத்தால் அந்த 53 எம்பி வந்துவிடும். மனிதச் செவிக்கு எட்டும் உச்ச அதிர்வெண் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அதிர்வைச் சரியாகப் பிடிக்க அதைப் போல இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும். 44,100 என்பது அதற்குப் போதுமான எண். 1982-இல் சிடி விற்பனைக்கு வந்தபோது வகுக்கப்பட்டிருந்த இந்த அளவு இன்றும் மாறவில்லை.

மூன்றே வகைகள்

கோப்பு வடிவங்களின் பெயர்ப் பட்டியல் நீளமானது. ஆனால் எல்லாம் மூன்று வகைக்குள் அடங்கும்.

முதலாவது, எண்களை அப்படியே வைத்திருக்கும் சுருக்கப்படாத கோப்பு. மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991-இல் கொண்டுவந்த வேவ், ஆப்பிளின் ஏஐஎஃப்எஃப் இரண்டும் இந்த வகை. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு இவை வேண்டும். வீட்டுச் சேகரிப்புக்கு வேண்டியதில்லை. இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதோடு, வேவ் கோப்பில் பாடகர், ஆல்பம் முதலிய குறிப்புகளை எழுதி வைத்தால் எல்லா மென்பொருளும் அவற்றைப் படிப்பதில்லை.

இரண்டாவது, இழப்பற்ற சுருக்கம். இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஃபிளாக். ஜோஷ் கோல்சன் என்ற நிரலாளர் உருவாக்கி 2001-இல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார். யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஃபிளாக் கோப்பு வேவின் அளவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்கும். ஆனால் அதை விரித்தால் சிடியில் இருந்த அதே எண்கள், ஒரு பிட்கூட மாறாமல் திரும்ப வரும். தனி வீணை நன்றாகச் சுருங்கும். முழு வாத்தியக் குழுவும் முழங்கும் திரைப்பாடல் அவ்வளவு சுருங்காது. ஃபிளாக்காக மாற்றும்போது 0 முதல் 8 வரை சுருக்க நிலையைக் கேட்பார்கள். எட்டுதான் உயர்ந்த தரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எந்த எண்ணிலும் ஒலி ஒன்றே. கோப்பின் அளவும் மாற்ற ஆகும் நேரமும்தான் வேறுபடும். மென்பொருள் தானாகக் காட்டும் 5-ஐ அப்படியே விட்டுவிடலாம்.

ஆப்பிள் 2004-இல் இதே வேலைக்கு ஏலாக் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. ஐபோன் ஃபிளாக்கை நேரடியாக இயக்கத் தொடங்கியது 2017-இல்தான் என்பதால், பழைய ஆப்பிள் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஏலாக் தேவைப்படும். ஃபிளாக்கிலிருந்து ஏலாக், அங்கிருந்து மீண்டும் ஃபிளாக் என்று எத்தனை முறை மாற்றினாலும் ஒலி குறையாது.

மூன்றாவது வகைதான் அந்த 48 எம்பியைத் தூக்கி எறிந்த வகை. எம்பி3, ஏஏசி, ஆக் வோர்பிஸ், ஓபஸ், டபிள்யூஎம்ஏ எல்லாம் இதில் சேரும்.

எம்பி3 எதை எறிகிறது?

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்ட ஆய்வாளர்களின் உழைப்பில் உருவான வடிவம் எம்பி3. அதன் அடிப்படை நம் செவியின் ஓர் இயல்பு. உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதற்கு அருகிலுள்ள அதிர்வெண்ணில் இருக்கும் மெல்லிய ஒலியைச் செவி உணர்வதில்லை. உணராததை எதற்குப் பதிவு செய்ய வேண்டும் என்று எம்பி3 அதைக் கழித்துவிடுகிறது. மிகச் சிறந்த சிந்தனை இது. போதுமான இடம் கொடுத்தால் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியாது.

இடம் குறையும்போதுதான் கேட்கக்கூடியதையும் வெட்ட வேண்டி வருகிறது. அதில் முதலில் அடிபடுவது தாள வாத்தியங்கள். கடத்திலோ கஞ்சிராவிலோ விழும் அடி, நிசப்தத்திலிருந்து ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் எழும் ஒலி. மிகச் சிறிதாகச் சுருக்கிய எம்பி3-இல் அந்த அடிக்குச் சற்று முன்பே ஒரு மெல்லிய இரைச்சல் கசிந்து, அடியின் கூர்மை மழுங்கிவிடும். பஜனைப் பாடல்களில் ஜால்ரா ஒலி கணீரென்று இல்லாமல் நீரில் நனைந்ததைப் போலச் சலசலத்தால் அதுவும் இதனால்தான். நம் இசையில் இத்தகைய ஒலிகள் நிறைந்திருப்பதால், பேச்சுக்குப் போதுமான விநாடிக்கு 64 அல்லது 96 கிலோபிட் கச்சேரிக்குப் போதாது.

பிட் வீதம் என்பது ஒரு விநாடி இசைக்குச் செலவிடும் பிட்களின் எண்ணிக்கை. ஐந்து நிமிடப் பாடலுக்கு 128 கிலோபிட்டில் 4.8 எம்பி ஆகும், 192-இல் 7.2, 256-இல் 9.6, 320-இல் 12. எம்பி3-இன் உச்சம் 320. என் பரிந்துரை 256 அல்லது அதற்கு மேல். மாறும் பிட் வீதம் என்ற அமைப்பும் உண்டு. இசை எளிதாக இருக்கும் இடத்தில் குறைவாகவும் நெருக்கமான இடத்தில் அதிகமாகவும் செலவிடும் முறை அது. லேம் என்ற இலவச எம்பி3 நிரலில் வி0 என்ற நிலையைத் தேர்ந்தால் சராசரியாக 245 கிலோபிட் அளவில் வரும். சராசரி 256-க்குச் சற்றுக் கீழே இருந்தாலும், தரத்துக்கும் அளவுக்கும் இதைவிட நல்ல சமரசம் எம்பி3-இல் இல்லை.

ஏஏசி, எம்பி3-க்குப் பின் 1997-இல் வந்தது. அதே பிட் வீதத்தில் எம்பி3-ஐவிடச் சற்று நன்றாக ஒலிக்கும். ஓபஸ் 2012-இல் தரப்படுத்தப்பட்டது. குறைந்த பிட் வீதத்தில் அதற்கு இணையில்லை. ஆனால் பழைய கார் ஸ்டீரியோ அதைத் தொடாது.

மாற்றும் முன் மனத்தில் கொள்ள வேண்டிய விதி

எறிந்தது எறிந்ததுதான், அது திரும்பாது. 128 கிலோபிட் எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றுவது, சாயம் போன சேலையைப் பட்டுப்புடவைப் பெட்டியில் வைப்பது போன்றது. பெட்டி பெரிதாகும், சாயம் திரும்பாது. 128-ஐ 320 ஆக மாற்றினாலும் அப்படித்தான். அதோடு அது இன்னும் மோசம்: ஏற்கெனவே கழித்ததன் மேல் மறுபடி ஒரு கழித்தல் நடக்கும். எம்பி3-இலிருந்து ஏஏசி, ஏஏசியிலிருந்து ஓபஸ் என்று ஒவ்வொரு தாவலிலும் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகும்.

ஆகவே இழப்பற்ற மூலம் ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கோ காருக்கோ எப்போது பிரதி தேவைப்பட்டாலும் அந்த மூலத்திலிருந்து மட்டுமே எடுங்கள். பிரதியிலிருந்து பிரதி எடுக்காதீர்கள்.

கோப்பின் பெயரை மாற்றுவது வடிவத்தை மாற்றுவது ஆகாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெயரின் கடைசியில் உள்ள ஃபிளாக் என்பதை அழித்துவிட்டு எம்பி3 என்று எழுதினால் உள்ளே ஒன்றும் மாறாது. எம்4ஏ என்ற பின்னொட்டும் பலரைக் குழப்புகிறது. அது வெறும் உறை. உள்ளே ஏஏசி இருக்கலாம், இழப்பற்ற ஏலாக்கும் இருக்கலாம். விஎல்சி மென்பொருளில் கோப்பைத் திறந்து கோடெக் (ஒலியைச் சுருக்கிய முறை) தகவலைப் பார்த்தால் உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்துவிடும்.

சிடியிலிருந்து மூலம் எடுப்பது

அலமாரியில் இருக்கும் சிடிகளே வீட்டில் உள்ள மிகச் சிறந்த மூலம். மடிக்கணினியில் சிடி டிரைவ் இல்லாவிட்டால் யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சிடியை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. கீறல் விழுந்தால் அது தடத்தின் போக்கிலேயே நீண்டு, படிக்க முடியாத பகுதி பெரிதாகிவிடும்.

விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி. இரண்டும் இலவசம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் பாதுகாப்பான வாசிப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பகுதியையும் ஒரு முறைக்கு மேல் படித்து, முடிவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் முறை அது. நேரம் கூடுதலாக ஆகும், பரவாயில்லை. ஆக்யுரேட்ரிப் என்ற இணையத் தரவுத்தளத்தையும் இயக்கி வையுங்கள். அதே சிடியை உலகில் வேறு யாராவது படித்திருந்தால், அவர்களுக்குக் கிடைத்த எண்களும் உங்களுடையவையும் ஒன்றா என்று அது சொல்லிவிடும். ஒன்று என்று வந்தால் அந்த சிடியின் வேலை முடிந்தது. தரவுத்தளத்தில் இல்லாத சிடியும் உண்டு. சிறிய நிறுவனங்கள் வெளியிட்ட நாதஸ்வர, பக்தி இசை சிடிகளுக்கு அப்படி நேரலாம். அப்போது பிழை அறிக்கையில் குறை இல்லை என்று இருந்தால் போதும்.

வெளியீட்டு வடிவமாக ஃபிளாக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேர இசை பொதுவாக 300 முதல் 400 எம்பி ஆகும். 1 டெராபைட் வன்தட்டில் ஏறத்தாழ 2,500 சிடிகள் கொள்ளும். இடம் போதாது என்ற காரணம் இன்று செல்லாது.

ஒலிநாடாக்கள் இருந்தால் வேலை சற்று வேறு. நாடாப்பெட்டியின் லைன் அவுட் துளையிலிருந்து கணினியின் லைன் இன் துளைக்கு வயர் கொடுங்கள். மைக் துளையில் செருகினால் ஒலி பிளந்துவிடும். லைன் இன் இல்லாத மடிக்கணினிக்கு யுஎஸ்பி ஒலிப்பதிவுக் கருவி ஒன்று தேவை. ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். இரைச்சல் நீக்கும் வேலையை மூலத்தில் செய்யாதீர்கள், பிரதியில் செய்யுங்கள். இரைச்சலோடு சேர்த்துத் தம்புராவின் நாதத்தையும் அது அரித்துவிடக் கூடும்.

பிரதி எடுக்கும் படிகள்

விண்டோஸில் ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். மேக்கில் எக்ஸ்எல்டியே இதையும் செய்யும். லினக்ஸில் சவுண்ட் கன்வர்ட்டர் இருக்கிறது.

1. ஃபூபார்2000-ஐ நிறுவுங்கள். அதே தளத்தில் தனியாகக் கிடைக்கும் இலவச என்கோடர் (சுருக்கும் நிரல்) தொகுப்பையும் நிறுவுங்கள். இது இல்லாமல் எம்பி3 வராது.

2. ஃபிளாக் கோப்புறையை இழுத்து அதன் சாளரத்தில் போடுங்கள். எல்லாப் பாடல்களையும் தேர்ந்து வலது சொடுக்கினால் கன்வர்ட் என்ற பட்டியல் வரும். அதில் மூன்று புள்ளிகள் உள்ள இடத்தைச் சொடுக்குங்கள்.

3. வெளியீட்டு வடிவம் என்ற பகுதியில் லேம் எம்பி3-ஐத் தேர்ந்து தரத்தை வி0-வில் வையுங்கள். சேருமிடமாக வேறொரு கோப்புறையைக் கொடுங்கள். மூலம் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே பிரதியைப் போட்டால் பின்னாளில் எது எதுவென்று தெரியாமல் போய்விடும்.

4. ஒலியைத் திருத்தும் பகுதி ஒன்றும் இருக்கும். அதில் எதையும் சேர்க்காதீர்கள். குறிப்பாக 44,100-ஐ 48,000 ஆக உயர்த்தும் ஆசை வேண்டாம். இல்லாத ஒலியை அது உண்டாக்காது. மூலம் 96,000 ஹெர்ட்ஸ் பதிவாக இருந்தால் மட்டும், எம்பி3 48,000 வரைதான் ஏற்கும் என்பதால், குறைக்க வேண்டிவரும்.

5. குறிப்புகளையும் அட்டைப் படத்தையும் பிரதிக்குக் கடத்தும் தெரிவுகள் இயங்குகின்றனவா என்று பார்த்துவிட்டு மாற்றத் தொடங்குங்கள்.

கோப்பைப் பதிவேற்றினால் மாற்றித் தரும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. எந்த நிரலால், எந்த அமைப்பில் மாற்றுகிறார்கள் என்பது பல தளங்களில் தெரிவதில்லை. உங்கள் வீட்டுத் திருமணப் பதிவையோ பாட்டியின் குரலையோ முகம் தெரியாத ஒரு கணினிக்கு அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை.

பெயர்க் குறிப்புகள்

நல்ல ஒலியுடன் எடுத்த கோப்பு "தடம் 07" என்று கிடந்தால் அது காணாமல் போனதற்குச் சமம். ஆகவே மூலத்திலேயே குறிப்புகளை எழுதிவிடுங்கள், பிரதிகளுக்கு அவை தாமாகப் போய்ச் சேரும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள் இதற்கு ஏற்றது. பெயர் அப்படி இருந்தாலும் ஃபிளாக்கிலும் வேலை செய்யும்.

திரைப்பாடல் என்றால் ஆல்பம் இடத்தில் படத்தின் பெயர், கலைஞர் இடத்தில் பாடகர்கள், இசையமைப்பாளருக்கு அவருக்குரிய இடம். இந்த ஒழுங்கை எல்லாப் படங்களுக்கும் ஒரே மாதிரி வையுங்கள். ஒன்றில் பாடகரையும் இன்னொன்றில் இசையமைப்பாளரையும் கலைஞர் இடத்தில் எழுதினால் தேடும்போது பாதிதான் கிடைக்கும். கர்நாடக இசைக்கு ராகமும் தாளமும் வேண்டும். ஃபிளாக்கில் நாமே புதிய புலங்களை உண்டாக்கிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. ஒரே நிபந்தனை: புலத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளே கல்யாணி, ஆதி என்று தமிழில் தாராளமாக எழுதலாம்.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கோப்புகளில் பாடல் பெயர் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்கலாம். இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டி யூனிகோடாக்கி மறுபடி எழுதிவிடுங்கள். பழைய எம்பி3 குறிப்பு முறையில் தலைப்புக்கு 30 எழுத்துகள்தான் இடம் என்பதால் பல பெயர்கள் பாதியில் அறுந்தும் கிடக்கும்.

காருக்கும் கைப்பேசிக்கும்

இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் ஐபோனும் ஃபிளாக்கை நேரடியாகவே இயக்கும். நினைவகம் தாராளமாக இருந்தால் மாற்றவே வேண்டாம். புளூடூத் ஹெட்போனில் கேட்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: எந்தக் கோப்பாக இருந்தாலும் ஒலி பொதுவாக இன்னொரு முறை சுருக்கப்பட்டே காதுக்கு வருகிறது. அங்கே 256 கிலோபிட் ஏஏசி தாராளமாகப் போதும்.

கார் ஸ்டீரியோவில் பாதிச் சிக்கல் பாடலில் இருப்பதில்லை, பென் டிரைவில் இருக்கும். பழைய ஸ்டீரியோக்கள் ஃபேட்32 என்ற முறையில் வடிவமைத்த டிரைவையே படிக்கும். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த டிரைவை எடுத்து அப்படி வடிவமைத்துக்கொள்ளுங்கள். சில பழைய ஸ்டீரியோக்கள் மாறும் பிட் வீதத்தில் நேரத்தைத் தவறாகக் காட்டும். அவற்றுக்கு மாறாத 256 அல்லது 320 கொடுங்கள். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கார் பிரதிக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் வைக்கலாம், மூலத்தில் தமிழ் அப்படியே இருக்கட்டும். வரிசை மாறாமல் இருக்கக் கோப்புப் பெயரை 01, 02 என்று தொடங்குங்கள்.

நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் இன்னொரு தொல்லை உண்டு. ராகம், தானம், பல்லவி தனித்தனித் தடங்களாக இருந்தாலும் இசை இடையறாமல் ஓடும். எம்பி3 ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது வெற்றிடத்தைச் சேர்ப்பதால், சாதாரணக் கருவிகளில் தடம் மாறும்போது ஒரு வெட்டு கேட்கும். ஃபிளாக்கில் இது இல்லை. காருக்கு எம்பி3தான் வேண்டும் என்றால் மூன்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்து மாற்றுங்கள்.

கையில் எம்பி3 மட்டுமே இருந்தால்

அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் மூலம். சிடி கிடைக்காத பழைய பாடலுக்கு 128 கிலோபிட் எம்பி3தான் மிச்சம் என்றால், அதை மேலும் சேதப்படுத்தாமல் காப்பதே செய்யக்கூடிய நல்ல காரியம். தொடக்கத்தில் இருக்கும் விளம்பரத்தை மட்டும் வெட்ட வேண்டுமானால் எம்பி3டைரக்ட்கட் போன்ற கருவியைப் பயன்படுத்துங்கள். அது மறுபடி சுருக்காமல் வெட்டும். ஆடாசிட்டியில் வெட்டிச் சேமித்தால் முழுப் பாடலும் இன்னொரு முறை சுருக்கப்படும்.

வாட்ஸ்அப் குரல் பதிவுகள் ஓபஸ் வடிவத்தில் வருகின்றன. விஎல்சியில் நேரடியாகக் கேட்கலாம். வீட்டுப் பெரியவர்கள் அனுப்பிய பதிவுகளை எம்பி3 ஆக்கிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். எம்பி3 தேவையென்றால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் தந்த ஃபிளாக் உண்மையில் எம்பி3-இலிருந்து வந்ததா என்ற ஐயம் எழுந்தால் ஸ்பெக் என்ற சிறிய மென்பொருளில் திறந்து பாருங்கள். அதிர்வெண்கள் படமாகத் தெரியும். 16,000 ஹெர்ட்ஸ் அருகே அளவுகோல் வைத்து வெட்டியதைப் போல மேலே எல்லாம் கருப்பாக இருந்தால் அது பெரும்பாலும் பழைய எம்பி3. ஆனால் 1950-களின் பதிவுகளில் இயல்பாகவே உயர்ந்த அதிர்வெண்கள் குறைவு. அங்கே ஒலி படிப்படியாக மங்கும், கோடு போட்டு நிற்காது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் நல்ல பதிவைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மாற்றி முடித்ததும் கோப்புகளின் எண்ணிக்கை மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வோர் ஆல்பத்திலும் ஏதாவது ஒரு பாடலின் தொடக்கத்தையும் கடைசி அரை நிமிடத்தையும் ஹெட்போனில் கேளுங்கள், பாதியில் நின்றுபோன கோப்பு அங்கேதான் அகப்படும். ஃபிளாக் கோப்பு தன் ஒலியின் சரிபார்ப்பு எண்ணைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. கோப்பு பழுதடைந்திருந்தால் சோதனை நிரல் அதைக் கொண்டு கண்டுபிடித்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை அந்தச் சோதனையை ஓட்டுங்கள். மூலக் கோப்புறை முழுவதையும் இரண்டாவது வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்து, முடிந்தால் அதை வேறொரு வீட்டில் வையுங்கள். சிடிகளையும் பழைய கடையில் போட்டுவிடாதீர்கள்.